ஊர்க் குழுவில் எழுத்துப்பிழை பார்ப்பதா, விடுவதா?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழுவும் ஒரு பேஸ்புக் பக்கமும் இருக்கின்றன. குழுவில் இருநூறு பேருக்கு மேல். பாதிப் பேர் ஊரில் இருக்கிறார்கள். மற்றவர்கள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும். சென்ற மாத நிர்வாகசபைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். இனிமேல் குழுவில் யார் எழுதினாலும் எழுத்துப்பிழையும் நிறுத்தக்குறிப் பிழையும் இல்லாமல் எழுத வேண்டும், பிழையோடு வந்தால் அட்மின் அதை நீக்கிவிட்டுத் திருத்தி அனுப்பச் சொல்ல வேண்டும் என்றார். "விளங்கினால் போதும்தானே ஐயா, இதென்ன சோதனைத் தாளா?" என்று ஒரு தம்பி உடனே எழும்பினார். இரண்டு பக்கமும் சூடாகக் கதைத்து, முடிவு எதுவும் எடுக்காமல் கூட்டம் கலைந்தது.

நான் இருபது வருடங்களுக்கு மேல் ஓர் அச்சகத்தில் தட்டச்சும் ஒப்புநோக்கலும் செய்திருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், திருவிழாத் துண்டுப்பிரசுரம், இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. அதனால் எல்லா வழிகளையும் வைத்துப் பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு முன்னர் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். குடும்பக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு நடத்துகிறவர்களுக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் கொஞ்சம் பொதுவாகவே எழுதுகிறேன்.

எங்கள் முன்னே இருக்கும் வழிகள் இவை. ஐயா சொன்னபடி எல்லோரும் எப்போதும் பிழையில்லாமல் எழுதுவது. தம்பி சொன்னபடி விளங்கினால் சரி என்று விடுவது. தமிழ் எழுத்தையே தவிர்த்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது அல்லது குரலில் பேசி அனுப்புவது. இதைப் பலர் ஏற்கெனவே செய்கிறார்கள். கடைசியாக, சிலதுக்குக் கவனம், சிலதுக்குச் சுதந்திரம் என்று பிரிப்பது. பிரிப்பதுதான் நல்லது என்று யாரும் சொல்லிவிடலாம். எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் எனக்கு நித்திரை கெட்டது.

தம்பியின் பேச்சில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் வசனம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். "இரவைக்கு மழை வருமாம் மிளகாயை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ" என்று ஒரு புள்ளியும் இல்லாமல் எழுதினாலும், எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது வாசிக்கிறவருக்குத் தெரியும். கேள்வியும் அப்படித்தான். "வாறியளோ" என்பதில் உள்ள ஓகாரமே கேள்விக்குறியின் வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்கும்போது முற்றுப்புள்ளி போடாமல் விடுவதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகள் சொல்கிறாள்: "ஓம்" என்று நான் அனுப்பினால் சாதாரணமாம், "ஓம்." என்று புள்ளியோடு அனுப்பினால் எனக்கு ஏதோ கோபம் என்று அவளுக்குப் படுகிறதாம். புள்ளி அங்கே வேறு வேலைக்குப் போய்விட்டது. அதை அந்தத் தலைமுறையின் வழக்கம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை.

பழமையைக் கேட்டாலும் அது தம்பிக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்துவதில்லை, குத்தினால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். காற்புள்ளி, அரைப்புள்ளி என்ற பேச்சே இல்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இப்படிப்பட்ட ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். எழுத்துக்குறை இருந்தும் தமிழ் பிழைத்துத்தானே வந்தது என்று கேட்கலாம்.

ஆனால் அந்த ஏடுகளில் இருந்தவை பெரும்பாலும் பாட்டு. எதுகையும் சீரும் தளையும் பிழையான எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேலே, பாடம் சொல்லித்தர ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்கலாம். உரைநடை அச்சில் ஏறி, முன்பின் தெரியாதவர் கைக்குப் போகத் தொடங்கியதும் இந்த இரண்டு துணையும் இல்லாமல் போயின. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்துப் பாலபாடமும் இலக்கணமும் அடித்தபோது நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் போட்டார். தமிழ் உரைநடையில் அந்தக் குறிகளை ஊன்ற வைத்தவர்களில் அவருக்கு முதலிடம் உண்டு. நாவலர் பதிப்பு என்றால் பிழையில்லாத பதிப்பு என்ற பெயரும் இன்றுவரை நிற்கிறது. சொல்லித்தர ஆள் இல்லாத வீட்டிலும் ஒரு பிள்ளை தடக்காமல் வாசிக்க அந்தக் குறிகள் கைகொடுத்தன. எங்கள் வட்ஸ்அப் செய்திக்கு யாப்பு இல்லை. எழுதினவரும் பக்கத்தில் இல்லை.

இதை நான் என் சொந்த வீட்டில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பெரியப்பா காலமான இரவு, வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகள் போனிலேயே மரண அறிவித்தலைத் தட்டி அனுப்பினார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் கடதாசி வேலைகளில் நின்றேன். பெரியப்பாவுக்கு மூத்த அண்ணர் ஒருவர், அவர் முன்னரே காலமாகிவிட்டார். தங்கை ஒருவர், எங்கள் மாமி. லண்டனில் நல்ல சுகமாக இருக்கிறார். அறிவித்தலில் எப்படி வந்தது என்றால்: "காலஞ்சென்ற" என்ற சொல், அதற்குப் பிறகு அண்ணரின் பெயர், ஒரு காற்புள்ளி, மாமியின் பெயர், "ஆகியோரின் அன்புச் சகோதரரும்". ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனால் வாசித்த யாருக்கும் மாமியும் காலஞ்சென்றவர்தான்.

நோர்வேயிலிருந்து ஒரு மச்சாள் எடுத்து, "மாமியும் போயிட்டாவோ, ஏன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று அழுதாள். லண்டனில் மாமியின் மகளுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் வரிசையாக வந்தன. அண்ணனை இழந்து உட்கார்ந்திருந்த மாமி, தன் பெயருக்கு வந்த இரங்கலையும் தானே பார்த்தார். நாங்கள் திருத்திய அறிவித்தலை அரை மணித்தியாலத்துக்குள் அனுப்பிவிட்டோம். ஆனால் முதலில் போனதுதான் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தது. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அச்சகத்தில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உயிரோடு இருப்பவர்களை முதலில் போட்டு, அவர்கள் இருக்கும் நாட்டை அடைப்புக்குறிக்குள் போடுவோம். அதற்குப் பிறகுதான் "காலஞ்சென்ற" என்று தொடங்குவோம். காலமானவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் "காலஞ்சென்றவர்களான" என்று எழுதி, அவர்களின் பெயரோடு அந்தப் பகுதியை முடித்துவிடுவோம். இவர்களுக்குப் பிறகு உயிரோடிருக்கும் ஒருவரின் பெயர் வரவே கூடாது. கட்டாயம் வர வேண்டும் என்றால், நடுவில் காற்புள்ளி போதாது, அரைப்புள்ளி வேண்டும். பள்ளிக்கூடத்தில் அரைப்புள்ளி படித்த பலருக்கு அதை எங்கே பாவிப்பது என்று வாழ்நாளில் தெரியாமலே போகிறது. மரண அறிவித்தலில் அது ஓர் ஆளை உயிரோடு வைத்திருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான். எழுதியதை வாசிக்கிறவர் என்னைத் திருப்பிக் கேட்க முடியுமா, முடியாதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தம்பி தன் சிநேகிதனுக்கு எழுதும்போது, விளங்காவிட்டால் அவன் அடுத்த நிமிடமே "என்னடா சொல்லுறாய்?" என்று கேட்பான். பிழையின் விலை ஒரு கேள்வி, அவ்வளவுதான். அறிவித்தலை வாசிக்கிற மச்சாளுக்கு அங்கே நடுச்சாமம். அனுப்பியவர் யாரென்றே தெரியாது, நான்கு கை மாறி வந்திருக்கிறது. அவள் யாரைக் கேட்பாள்? கேட்க முடியாதவருக்கு எழுதும்போது, அவர் கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் எழுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிப் பார்த்தால் எழுத்துப்பிழையைவிடப் பெரிய குறைகளும் கண்ணில் படும். "அவசரமாக ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை" என்று ஒரு செய்தி. தமிழ் சுத்தம், ஒற்றுக்கூடச் சரி. திகதி இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்றும் இல்லை. மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போன பிறகும் யாரோ ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஓடுவார். "ஞாயிறு 6 மணிக்குக் கூட்டம்" என்பதில் மு.ப என்றோ பி.ப என்றோ இல்லாவிட்டால், பிழையில்லாத தமிழால் என்ன பயன்? ஐயாவின் யோசனையில் இந்த விஷயம் இல்லவே இல்லை. அதை அவரிடமும் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

இனி ஐயாவின் பக்கம். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன், பாதிக்கு மேல் அது என் கவலையும்தான். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டில் அரசகரும மொழியானது. அதற்குப் பிறகும் பெயர்ப்பலகைகளில் தமிழ் சிதைந்து கிடப்பதைப் பார்த்து நாங்கள் மனம் நொந்திருக்கிறோம். எங்கள் மொழியை மற்றவர்கள் கவனமாக எழுத வேண்டும் என்று கேட்கும் உரிமை, நாங்களே கவனமாக எழுதும்போதுதான் உறுதியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. வங்கியிலிருந்து வந்ததுபோல, பரிசு விழுந்ததுபோலப் போனுக்கு வரும் மோசடிச் செய்திகளில் பலவற்றின் தமிழ், எதிலோ போட்டு மொழிபெயர்த்ததுபோல் இடறும். சனம் அதை வைத்துத்தான் சந்தேகப்படுகிறது. நிலையத்தின் உண்மையான அறிவித்தலும் அதேபோல் இடறினால், காசு சேர்க்கும்போது யார் நம்புவார்கள்?

ஆனால் எல்லோரும் எப்போதும் என்ற அந்த விதியை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் ஓர் அம்மா.

எங்கள் குழுவில் இருக்கும் அந்த அம்மா அறுபது வயதுக்குப் பிறகுதான், மகன் அனுப்பிய போனில் தமிழ் தட்டப் பழகினவர். ஒரு முறை கனடாவில் இருந்து யாரோ ஒடியற்கூழ் எப்படி வைப்பது என்று கேட்டார்கள். அம்மா ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதினார். ஒடியல் மாவை எவ்வளவு நேரம் ஊற விடுவது, அந்தத் தண்ணீரை ஏன் ஊற்றிவிடுவது, நண்டும் இறாலும் மீன்தலையும் எந்த நேரத்தில் போடுவது, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எப்போது, பழப்புளியை எவ்வளவு கரைப்பது, செத்தல் மிளகாயை எப்படி அரைப்பது என்று கையளவோடு எழுதியிருந்தார். கிழங்கு "கிளங்கு" ஆகியிருந்தது, கொட்டை "கோட்டை" ஆகியிருந்தது. முதலில் வந்த பதில் "கிழங்கு*" என்று ஒரு சொல். அதற்குக் கீழே "கொட்டை*" என்று இன்னொன்று. நன்றி என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார். காலை வணக்கப் படம் மட்டும் வரும். திருத்தினவர்கள் கெட்டவர்கள் இல்லை, தமிழ் மீது அன்பு உள்ளவர்கள்தான். ஆனால் அன்றைக்குக் குழுவுக்கு நட்டம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், இரண்டு சொல் திருந்தியதற்காக, அறுபது வருடம் அடுப்படியில் நின்ற ஒருவரின் அறிவு எங்களுக்குக் கிடைக்காமல் போனது. ஏதாவது விளங்காவிட்டால் அவரைக் குழுவிலேயே கேட்டிருக்கலாம். எந்தப் பிழையும் கூழைக் கெடுத்திருக்காது.

அதோடு, சரி எது பிழை எது என்பதை யார் சொல்வது என்ற சிக்கலும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே தெல்லிப்பழை என்று ஒரு பலகையிலும் தெல்லிப்பளை என்று இன்னொன்றிலும் இருக்கும். உரும்பிராய் என்பார் ஒருவர், உரும்பராய் என்பார் அடுத்தவர்; இரண்டு பேரும் அதே ஊரில் பிறந்தவர்கள். நாங்கள் ரொறன்ரோ என்று எழுதுவதைச் சென்னையில் டொராண்டோ என்று எழுதுகிறார்கள். எங்களுக்குக் கோப்பி, அவர்களுக்குக் காபி. என் போனில் "வட்ஸ்அப்" என்று தட்டத் தொடங்கினால் அது "வாட்ஸ்அப்" என்றுதான் எடுத்துத் தருகிறது. போனின் சொற்பட்டியலை வைத்துத் திருத்தப் போனால், எங்கள் வழக்கத்தையே பிழை என்று அழித்துவிடுவோம். ஆட்களின் பெயரிலோ கேட்கவே வேண்டாம். இரத்தினம், ரத்தினம், ரட்ணம் மூன்றும் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் எது இருக்கிறதோ, குடும்பம் எதை எழுதுகிறதோ அதுதான் சரி. அகராதி அதில் தலையிடக் கூடாது.

பேச்சுத் தமிழில் எழுதுவதையும் சிலர் எழுத்துப்பிழைக் கணக்கில் சேர்க்கிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். "வாறன்", "இருக்கினம்", "சொல்லுறியள்" எல்லாம் எங்கள் வாயில் வளர்ந்த சொற்கள். அவற்றுக்கும் சரியான எழுத்து உண்டு. வருகிறேன் என்பதில் உள்ள றகரம்தான் வாறனில் இருக்கிறது. "வாரன்" என்று எழுதினால் அதுதான் பிழை. வீட்டுக்கு எழுதுகிற ஒருவர் "வருகிறேன்" என்று எழுதினால் என் காதுக்கு அவர் தள்ளி நிற்கிறதுபோல் கேட்கிறது. குழுவில் பேச்சுத் தமிழ் தாராளமாக வரட்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பி, ஏ, எல், ஏ, எம் என்று ஐந்து எழுத்தைத் தட்டினால் அது பழமா, பலமா, பாலமா? வாசிக்கிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று ஊகிக்க வேண்டும். ஒரே ஒரு காரணத்துக்காக அதை நான் தடைசெய்ய மாட்டேன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து வாசிக்கத் தெரியாது. அம்மம்மாவுக்கு அவர்கள் அப்படி எழுதுவது, எழுதாமல் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஊரில் இருந்து நாங்கள் அவர்களுக்கு அப்படி எழுதத் தேவையில்லை, தமிழில் எழுதிக் கூடவே பேசியும் அனுப்பலாம். அப்போது எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும்.

குரற்பதிவு வயதானவர்களுக்கு வரம். கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர் எல்லோரும் அதில் கதைக்கிறார்கள். ஆனால் நான்கு நிமிடப் பதிவுக்குள் கூட்டத் திகதி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடியவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். பேசியதை எழுத்தாக்கித் தரும் வசதியும் இப்போது போனில் இருக்கிறது. நல்ல உதவிதான். ஆனால் காது ஒன்றாய்க் கேட்பதை அது கண்டபடி எழுதிவிடும். கலியாண வீட்டுக் கூறைச்சேலை பற்றிச் சொன்னேன், "கூரைச் சேலை" என்று வந்தது. பெண்ணுக்கு எடுக்கும் கூறை வேறு, வீட்டுக்கு வேயும் கூரை வேறு. அனுப்ப முன் ஒரு தரம் கண்ணால் வாசிக்காமல் அதை நம்ப முடியாது. அறிவித்தலைக் குரலில் மட்டும் அனுப்புவதை நான் ஒப்பவில்லை. எழுத்துக்குத் துணையாக வரட்டும்.

பேஸ்புக் பக்கத்துக்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. அதில் போடுவது நாளைக்கும் இருக்கும், பத்து வருடம் கழித்தும் ஒருவர் தேடுவார். நிலையத்தில் மூத்தவர்களைக் கௌரவித்த நிகழ்வுகளை ஒரு முறை என் போனில் தேடினேன். "கௌரவிப்பு" என்று தட்டினால் சில வந்தன, மற்றவை வரவில்லை. ஏனென்று பார்த்தால், வராதவற்றில் அது "கெளரவிப்பு" என்று தட்டப்பட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதில் ஔகாரக் குறி ஒரே குறியாக இருக்கிறது, இரண்டாவதில் கொம்புக்குப் பிறகு ளகரம் தனி எழுத்தாக நிற்கிறது. கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். ஔவையாரையும் ஒ, ள என்று இரண்டாகத் தட்டுகிறவர்கள் நிறைய. ஊரின் பெயர், ஆட்களின் பெயர், நிகழ்வின் பெயர் இப்படிப் பிசகினால் அந்தப் பதிவு இருந்தும் இல்லாததுபோல்தான். 1981இல் நூலகம் எரிந்த ஊர் யாழ்ப்பாணம். எழுதி வைத்தது கிடைக்காமல் போவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் இருப்பதை நாங்களே தேட முடியாதபடி எழுதி வைப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, என் முடிவுக்கு வருகிறேன். கூட்டத்தில் நான் முன்வைக்கப் போவது இதுதான்.

குழுவில் சாதாரணமாகக் கதைப்பதற்கு எந்த விதியும் வேண்டாம். ஆனால் ஒரு தடை வேண்டும்: யாருடைய எழுத்தையும் எல்லோர் முன்னிலையிலும் திருத்தக் கூடாது. பொருள் விளங்காவிட்டால் கேட்கலாம். திருத்த வேண்டும் என்றே தோன்றினால் அவருக்குத் தனியாக எழுதலாம், அதுவும் அவர் விரும்பினால். பிள்ளைகள் பிழையாக எழுதினால் என்ன செய்வது என்று ஐயா கேட்பார். பிள்ளைகள் சரியாக எழுதுவதைப் பார்த்துப் பழகட்டும். அதற்கு நிலையத்தின் அறிவித்தல்கள் நல்ல மாதிரியாக இருந்தாலே பெரிய காரியம்.

நிலையத்தின் பெயரில் போகும் எதுவும், குடும்பங்கள் எங்கள் மூலம் அனுப்பச் சொல்லும் மரண அறிவித்தல், கலியாணச் செய்தி, இரத்தம் கேட்கும் செய்தி, காசு சேர்க்கும் செய்தி எதுவும், எழுதியவரைத் தவிர இன்னொருவர் வாசிக்காமல் போகக் கூடாது. அந்த இரண்டாமவர் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கத் தேவையில்லை. ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர், திகதி, கிழமை, மு.ப அல்லது பி.ப, தொலைபேசி இலக்கம், பெயர் வரிசையில் வரும் காற்புள்ளி, அரைப்புள்ளி: இவற்றில் ஒன்றும் தப்பவே கூடாது. திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும்; அச்சகத்தில் நான் பிடித்த பிழைகளில் அதுதான் அதிகம். அடுத்தபடி ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. ஒற்றுப்பிழையைக் கடைசியில் வைக்கிறேன். ஒற்றால் பொருள் மாறும் இடங்கள் உண்டு, விரதத்தைக் கடைப்பிடிப்பதும் சந்தியில் கடை பிடிப்பதும் ஒன்றல்லத்தான். ஆனால் பக்கத்துச் சொற்கள் அதைக் காப்பாற்றிவிடும். நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அறிவித்தலைத் தாமதிக்க வேண்டாம். இந்த வரிசையில் ஐயாவுக்கும் எனக்கும் ஒற்றுமை வராது என்று தெரியும்.

பேஸ்புக் பக்கத்தில் போடும் படங்களுக்குக் கீழே ஊர், நிகழ்வு, வருடம் மூன்றும் கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும். துண்டுப்பிரசுரத்தைப் படமாக மட்டும் போட்டால் பின்னர் தேடி எடுப்பது கஷ்டம். இரண்டு வழக்கில் எழுதப்படும் ஊர்ப் பெயர்களுக்கு நிலையம் ஒன்றைத் தெரிந்து, எப்போதும் அதையே எழுதலாம். தேவையென்றால் மற்ற வடிவத்தையும் ஒரு தடவை சேர்த்துவிடலாம், தேடுகிறவர் எந்த வடிவத்தில் தேடினாலும் கிடைக்கும்.

இரண்டாவதாக வாசிக்கும் வேலையை யார் செய்வது என்பது இன்னும் தீரவில்லை. ஐயா ஒருவர், கூட்டத்தில் எழும்பிய தம்பி ஒருவர் என்று இரண்டு பேரின் பெயரையும் சொல்லப் போகிறேன். ஐயாவுக்கு எழுத்து தெரியும். தம்பிக்குச் செய்தி எங்கெங்கே ஓடும், போனில் எப்படித் தெரியும் என்று தெரியும். இரவில் மரணம் நடந்தால் ஒருவராவது விழித்திருப்பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டிலிருந்து அறிவித்தல் ஒன்று வந்திருக்கிறது. "காலஞ்சென்ற" என்று தொடங்கி நான்கு பெயர்கள், நடுவில் மூன்று காற்புள்ளி. நான்கு பேரில் இரண்டு பேரை எனக்குத் தெரியும், அவர்கள் இப்போது உயிரோடு இல்லை. மற்ற இரண்டு பேரும் ஜேர்மனிக்குப் போனவர்கள். நேரம் இரவு ஒன்பதரை. அழுகின்ற வீட்டுக்கு எடுத்து இதைக் கேட்பது மனதுக்குக் கஷ்டம்தான். இலக்கத்தை எடுத்துவிட்டேன், மணி அடிக்கிறது.